மடியில் வைத்துக் கொண்டுபோன போத்தல்

2017 ஆகஸ்ட். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் கைப்பை, அதற்குள் முடிச்சுப் போட்ட சொப்பின் பேக், அதற்குள் பெருவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் போத்தல். போர்மலின் தண்ணீருக்கு அடியில் உடைந்த அரிசி போல இரண்டு மூன்று துண்டு சதை கிடந்தது. மேலே ஒட்டிய துண்டில் பெயர், வயது, திகதி, மாதவிடாய் வந்து எத்தனையாவது நாள் என்ற கணக்கு: பத்து.

பக்கத்தில் இருந்த பிள்ளையைச் செல்வி என்று சொல்கிறேன். அவளுடைய சொந்தப் பெயர் அது இல்லை. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறை வருவான். கினிகத்தேனை தாண்டி மழை பிடித்தபோது என் காதோடு காதாகக் கேட்டாள்.

"மிஸி, அது என் வயித்துல எடுத்ததுதானே? ஒரு தடவை பார்க்கலாமா?"

பையைத் திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இத்துனூண்டா? இதுக்காகவா நாலு வருஷம் என்னைய மலடின்னாங்க?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. போத்தலைச் சாயாமல் பிடித்துக்கொண்டேன்.

31 வருஷம் தோட்டங்களில் மருத்துவிச்சி வேலை பார்த்தவள் நான். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று லயம் லயமாக ஏறி இறங்கியிருக்கிறேன். எத்தனை பிள்ளை பிடித்தேன் என்று கணக்கு வைத்ததில்லை. பிள்ளை இல்லாதவர்களின் முகம் மட்டும் ஒவ்வொன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர்களில் சிலருடைய வயிற்றுக்குள் சத்தமில்லாமல் இருந்த ஒரு நோயைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கர்ப்பப்பையின் உட்சவ்வில் நாள்பட்டுக் கிடக்கும் அழற்சி. டொக்டர்மார் 'குரோனிக் எண்டோமெட்ரைட்டிஸ்' என்பார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது வேறு. அதில் உட்சவ்வு போன்ற சதை கர்ப்பப்பைக்கு வெளியே வளரும், மாதாமாதம் பெண்ணைத் துடிக்க வைக்கும். நான் சொல்கிற நோய் பெரும்பாலும் துடிக்க வைக்காது. அதனால்தான் யாரும் தேடுவதில்லை.

முதலில் அந்த உட்சவ்வு என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண்களுக்கு நான் கவ்வாத்தைக் காட்டித்தான் விளக்குவது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் மேலே உள்ள இலையும் வாதும் போய்விடும், அடிக்கட்டை நிற்கும், அதிலிருந்து மறுபடி துளிர்க்கும். கர்ப்பப்பைக்குள்ளும் அப்படித்தான். மாதாமாதம் மேல் அடுக்கு கழன்று தீட்டாக வெளியே போகிறது. கீழே அடி அடுக்கு நிற்கிறது. அதிலிருந்து புதுச் சவ்வு தழைக்கிறது. கரு வந்து உட்காரப்போவது அந்தப் புதுத் துளிரின் மேல்.

"மாசாமாசம்தான் எல்லாம் கழுவிக்கிட்டுப் போகுதே மிஸி, பிறகு எப்படி உள்ளே நோய் தங்கும்?" என்று கேட்ட பெண்கள் உண்டு. நல்ல கேள்வி. நோய் அடிக்கட்டையில் இருந்தால் எத்தனை தடவை கவ்வாத்து வெட்டினாலும் புதுத் துளிரிலும் அது ஏறும். கிருமிகள் சில நேரம் பிசின் போலப் படலம் கட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். உடம்பு அவற்றை விரட்டவும் முடியாமல், விட்டுவிடவும் முடியாமல் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்லச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

எந்தக் கிருமி என்று கேட்டால், அதிசயமான கிருமி எதுவும் இல்லை. குடலில் இருக்கும் ஈ.கோலி, என்டரோகொக்கஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ், யூரியாபிளாஸ்மா என்று பெரும்பாலும் சாதாரணக் கிருமிகள்தான். பிரசவத்துக்குப் பிறகோ கரு கலைந்த பிறகோ உள்ளே நஞ்சுத் துண்டு தங்கினால் அவை அங்கே குடியேற வழி கிடைக்கிறது. கர்ப்பத்தடைக்கு லூப் வைத்தால் பிள்ளைப் பாக்கியம் போய்விடும் என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. லூப்பினால் தொற்று வருகிற ஆபத்து வைத்த முதல் மூன்று வாரத்தில்தான் அதிகம். சுத்தமாக வைத்து, அந்த நாட்களில் காய்ச்சலோ நாற்றமோ இருந்தால் உடனே காட்டினால் போதும்.

இனி செல்வியின் கதை. கல்யாணமாகி இரண்டாவது வருஷம், 2013ல், மூன்று மாதக் கரு கலைந்தது. எங்கள் பேச்சில் 'புள்ள அழிஞ்சிருச்சு'. ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையைக் கழுவி அனுப்பினார்கள். நான்காம் நாள் குளிரும் காய்ச்சலும். பனடோல் போட்டுக்கொண்டாள். ஆறாம் நாள், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போய் நின்றுவிட்டாள்.

ஏன் போனாள்? பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. இந்த நாட்டில் தோட்டத் தொழிலாளிக்கும் பிரசவச் சகாயம் கொடுக்கும் சட்டம் 1939லேயே வந்தது. உயிரோடு பிள்ளை பிறந்தால் இன்று 84 நாள் லீவு. ஆனால் அந்தச் சட்டம் பிரசவம் என்று எதைச் சொல்கிறது? உயிரோடு பிள்ளை பிறக்க வேண்டும், இல்லையென்றால் 28 வாரம் தாண்டியிருக்க வேண்டும். மூன்று மாதத்தில் அழிந்துபோனால் அது சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. இரத்தம் போய், பால் கட்டாத மாரோடு, அழக்கூட நேரமில்லாமல் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிற பெண்களை நான் எத்தனையோ முறை வழியில் நிறுத்தியிருக்கிறேன். 'பேர் போயிரும் மிஸி' என்பார்கள். இந்த 28 வாரக் கணக்கை மாற்ற வேண்டும் என்று தொழிற்சங்கக்காரர்கள் யார் வந்தாலும் சொல்லி வந்தேன். இப்போதும் சொல்கிறேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கூடை சுமந்ததால் உட்சவ்வில் அழற்சி வருவதில்லை. மலை ஏறியதாலும் வருவதில்லை. 'கர்ப்பப்பை சூடு' என்று சொல்லிக் கற்றாழையும் வெந்தயமும் கொடுக்கிறார்களே, அதுவும் காரணமில்லை. மலைக்குப் போனதால் நடந்த கெடுதி வேறு. அந்தக் காய்ச்சலை யாரும் பார்க்கவில்லை. நான்காம் நாளே திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்து, அன்றைக்கே மருந்து கொடுத்திருப்பார்கள். பனடோல் காய்ச்சலை இறக்கியது. கிருமி அங்கேயே இருந்தது.

பழைய காலத்தில் இந்தத் தொற்று வேகமாக வந்தால் தாயையே கொண்டுபோய்விடும். பிரசவ ஜன்னி என்று எங்கள் அப்பாயி பயத்தோடு சொல்வார். வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டொக்டர் 1847ல் கையைக் குளோரின் கலந்த தண்ணீரில் கழுவச் சொன்னதும் அந்தச் சாவுகள் சட்டென்று இறங்கின. இன்று ஜன்னி அருமையாகிவிட்டது. கொல்லாத, எரியாத, அரைகுறையாக அணைந்த தொற்றுத்தான் மிச்சம். அது பெண்ணை விட்டுவிட்டு, வரப்போகும் பிள்ளையைப் பிடிக்கிறது.

எப்படிப் பிடிக்கிறது? விந்தும் முட்டையும் சேர்ந்து ஆறு ஏழு நாளில் கரு கர்ப்பப்பைச் சுவரில் ஒட்ட வேண்டும். உட்சவ்வு கதவு திறப்பது மாதத்தில் சில நாட்களுக்குத்தான். அந்த நாட்களில் சவ்வு தானாகவே கொஞ்சம் கொதித்து, வீங்கி, இடம் கொடுக்கும். ஒட்டுவதற்கு அந்த அளவான கொதிப்பு வேண்டும். நாள்பட்ட அழற்சியில் கொதிப்பு அளவு மாறி, நேரம் மாறி நடக்கிறது. உட்சவ்வு கருவை ஏந்தும் பஞ்சாக மாறுவது அரைகுறையாகிறது. காவல் செல்கள் வந்தவர் விருந்தாளியா பகையாளியா என்று தெரியாமல் நிற்கின்றன. கரு ஒட்டாமல் போகலாம். ஒட்டினாலும் சீக்கிரம் கழன்றுவிடலாம். வெளியே தெரிவது இவ்வளவுதான்: 'இந்த மாசமும் வந்திருச்சு'. அல்லது, 'ரெண்டாவதும் அழிஞ்சிருச்சு'.

செல்விக்கு மாதம் தவறாமல் தீட்டு வரும். வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே பழுப்பாகக் கொஞ்சம் படும். அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, நானும்தான். அந்த இரண்டு நாளைக் கவனிக்காமல் விட்டதற்கு இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது. சிலருக்கு இடுப்பில் மந்தமான வலி, சிலருக்கு வெள்ளைபடுதல், பலருக்கு ஒன்றுமே இருக்காது. ஸ்கேன் நோர்மல் என்று வந்தது. குழாய் இரண்டும் திறந்திருப்பதாக எக்ஸ்ரே சொன்னது. புருஷனின் விந்துப் பரிசோதனையும் சரி. (அவன் அதற்கு ஒத்துக்கொள்ள எட்டு மாதம் ஆனது. பெண்ணைப் பத்துக் கோவிலுக்கு அனுப்புகிறவர்கள், ஆணை ஒரு லெபுக்கு அனுப்ப யோசிக்கிறார்கள்.) எல்லாம் சரி என்றால் குறை யாரிடம் என்று மாமியார் கேட்டார். செல்வி மாரியம்மன் கோவில் மரத்தில் தொட்டில் கட்டினாள். வளைகாப்பு வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

ஹட்டனில் ஒரு கிளினிக்குக்கு வந்துபோன டொக்டரம்மா ஒருவர்தான் அவளுடைய பழைய ஆஸ்பத்திரித் துண்டுகளையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டார்: "கழுவிய பிறகு காய்ச்சல் வந்ததா?" நாலு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான் உட்பட.

உறிஞ்சு குழல் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு, ஒரு நிமிஷத்தில் சதை எடுத்தார். தீட்டு வலி போல ஒரு பிடி பிடித்தது, அவ்வளவுதான். வசதியுள்ள இடத்தில் கமரா விட்டு உள்ளேயே பார்ப்பார்கள். அழற்சி இருந்தால் சவ்வு சிவந்து, நடுவில் வெள்ளைப் புள்ளிகளோடு ஸ்ட்ரோபெரிப் பழத்தோல் மாதிரித் தெரியும், குட்டிக் குட்டிச் சதைமொட்டுகள் ஆடும். ஆனால் பார்ப்பது மட்டும் போதாது. சதையை மைக்ரஸ்கோப்பில் வைத்தால்தான் உறுதி. மாதவிடாய் முடிந்த பிறகு, முட்டை வருவதற்கு முன்னால் எடுத்த சதையில் பார்ப்பது சுலபம். துண்டில் பத்தாம் நாள் என்று எழுதியிருந்தது அதற்காகத்தான்.

மைக்ரஸ்கோப்பில் தேடுவது ஒரேயொரு ஆளை: பிளாஸ்மா செல். கிருமிக்கு எதிராக அம்பு செய்கிற பட்டறை அது. ஆரோக்கியமான உட்சவ்வில் அதைக் காண்பது அருமை. அங்கே கூட்டமாக உட்கார்ந்திருந்தால் சண்டை நெடுநாளாக நடக்கிறது என்று அர்த்தம். கண்டி லெபில் ரிப்போர்ட் வாங்கப் போனபோது அங்கிருந்த டொக்டர் என் உத்தியோகத்தைக் கேட்டுவிட்டு, கூப்பிட்டுக் காட்டினார். சுற்றிலும் நீல நீலமாகச் செல்கள். சீ.டி. 138 என்ற சாயத்தைப் போட்டதால் பிளாஸ்மா செல் தேத்தண்ணிக் கலரில் நின்றது. ஒன்று, இரண்டு, நாலு, ஒரு மூலையில் ஏழெட்டு. தேயிலைக்காரி வயிற்று நோய் தேத்தண்ணி நிறத்தில்தானா தெரிய வேண்டும் என்று நினைத்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது.

மருந்து? டொக்ஸிசைக்ளின், 100 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, 14 நாள். 28 மாத்திரை. அரசாங்க ஆஸ்பத்திரி பாமசியில் வெகுகாலமாக இருக்கிற பழைய மருந்து. முதல் தடவையில் அடங்காதவர்களுக்கு வேறு மருந்து சேர்த்துக் கொடுப்பார்கள். ஆனால் கடையில் நீங்களாக வாங்கிப் போடுகிற மருந்து இல்லை இது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கூடவே கூடாது. பால்வினைக் கிருமி என்று தெரிந்தால் புருஷனுக்கும் சேர்த்துத்தான் மருந்து.

எங்கள் பெண்களுக்கு இந்த மருந்தில் மூன்று விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, எங்களில் பாதிப் பேர் இரும்புச் சத்து மாத்திரை போடுகிறவர்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரும்பு இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. சில மணிநேரம் இடைவெளி வேண்டும். இரண்டு, நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, நெஞ்சுக்குழல் புண்ணாகும். மூன்று, வெயில். இந்த மருந்து போடும் நாளில் வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும். நிழலில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு வரித் தகவல். நாள் முழுக்கத் திறந்த மலையில் நிற்கிறவளுக்கு இது பெரிய காரியம். செல்வி புருஷனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைத்துண்டைக் காது வரை இழுத்துக் கட்டிக்கொண்டு 14 நாளும் கொழுந்து எடுத்தாள்.

அடுத்த மாதவிடாய் கழிந்து மறுபடி சதை எடுத்தார்கள். தேத்தண்ணிக் கலர் செல் இல்லை. ஏழு மாதம் கழித்து அவளுக்குத் தீட்டு நின்றது. 2019 ஜனவரியில் டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் பெண் பிள்ளை பிறந்தது. கிளங்கன் என்று நாங்கள் சொல்கிற அந்த ஆஸ்பத்திரிக்கு இந்திய உதவியில் கட்டிய புதுக் கட்டடத்தை 2017 மே மாதம்தான் திறந்தார்கள்.

செல்வியின் கதையை மட்டும் எழுதினால் உங்களை ஏமாற்றியவளாவேன். ராகலைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கும் இதே மருந்து, இதேபோல மறுசோதனையில் சுத்தம். பிள்ளை தங்கவில்லை. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. டொக்டர்மாருக்குள்ளேயே இதில் வாதம் இருக்கிறது. ஒரு பிளாஸ்மா செல் கண்டாலே நோயா, ஐந்து இருந்தால்தான் நோயா என்று உலகத்தில் ஒரே அளவுகோல் கிடையாது. பிள்ளை பெற்ற பெண்களிலும் சிலருக்கு அந்தச் செல் தென்படுகிறது. மருந்தால் அழற்சி அடங்குகிறது என்பதில் சந்தேகம் குறைவு. அடங்கினால் பிள்ளை நிச்சயமா என்பதில் பேச்சு இன்னும் முடியவில்லை. ஆகவே பிள்ளைக்காகக் காத்திருக்கிற எல்லோரும் ஓடிப்போய்ச் சதை எடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்தடுத்துக் கரு கலைந்தவர்கள், டெஸ்ட் டியூப் முறையில் நல்ல கரு வைத்தும் திரும்பத் திரும்ப ஒட்டாதவர்கள், கழுவிய பிறகு காய்ச்சல் கண்டு அதன்பின் கரு நிற்காதவர்கள், இவர்கள் தங்கள் டொக்டரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். தாலிக்கொடியை அடகு வைத்து மூன்றாவது தடவை கரு வைக்கப் போகிறவர்கள் அதற்கு முன் கேட்கத்தான் வேண்டும்.

காசநோயையும் சொல்ல வேண்டும். நெஞ்சில் வந்த காசம் இரத்த வழியாகக் கருக்குழாய்க்கும் அங்கிருந்து உட்சவ்வுக்கும் இறங்கும். இருமலே இல்லாமல் இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருத்திக்குத் தீட்டுக் குறைந்து குறைந்து நின்றே போய்விட்டது. கண்டுபிடிக்கும்போது உள்ளே சுவரோடு சுவர் ஒட்டியிருந்தது. மார்பு நோய் கிளினிக்கில் ஆறு மாத மருந்து இலவசமாகக் கொடுத்தார்கள், நோய் போனது, கர்ப்பப்பை திரும்பவில்லை. திரும்பத் திரும்பச் சுரண்டிக் கழுவினாலும் இப்படி ஒட்டிக்கொள்ளும். 1948ல் இதை விவரித்து எழுதிய ஜோசப் ஆஷர்மன் பெயரால்தான் அந்த ஒட்டலைச் சொல்கிறார்கள். லயத்தில் நெடுநாள் இருமியவர் இருந்தால், பிள்ளையில்லாத பெண் அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். சம்பந்தமில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, மெதுவாகத்தான் பேசுவார்கள், நான் எழுதிவிடுகிறேன். 1883ல் வந்த தண்டனைச் சட்டப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருக்கலைப்பு இந்த நாட்டில் குற்றம். அதனால் ஒளித்துச் செய்கிறார்கள், ஒளித்தே காய்ச்சலோடு படுத்திருக்கிறார்கள். எப்படிக் கலைந்திருந்தாலும் இரத்தப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு. போங்கள். வெட்கத்தால் கர்ப்பப்பையையும் உயிரையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

என் மதினிக்கு 1986ல் மூன்று மாதத்தில் கலைந்தது. ஐந்தாம் நாள் மலைக்குப் போனார். ராத்திரியில் போர்வைக்குள் நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன், அப்போது நான் இந்த வேலைக்கு வந்து புதுசு. பிறகு பிள்ளையே இல்லை. அண்ணனுக்கு இரண்டாவது பெண் பார்த்தார்கள், அண்ணன் மறுத்துவிட்டார். செல்வியின் பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று மதினியும் வந்திருந்தார். கதையெல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கும் அதுவா இருந்திருக்குமா?" என்றார். இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம் என்றேன். யாரும் பார்க்கவில்லையே மதினி.

போன மாதம் ஒரு காலை, மேல் லயத்துப் பிள்ளை ஒன்று வாசலில் வந்து நின்றது. பத்தொன்பது வயது. கழுவி மூன்று நாள். இடுப்பில் படங்கு கட்டி, கூடையோடு மலைக்குப் போகிற வழி. "லேசாக் குளிருது மிஸி, ரெண்டு பனடோல் இருந்தாத் தாங்க."

கையைத் தொட்டேன், கொதித்தது. நாற்றம் இருக்கிறதா என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டது. கூடையை வாங்கி என் வீட்டுத் திண்ணையில் வைத்தேன். "பேர்?" என்றது. கணக்கப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி, தெருவில் போன த்ரீவீலைக் கைதட்டி நிறுத்தி, பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கிளங்கனுக்கு விடு தம்பி என்றேன்.